பழைய சேமிப்பு எது, புது வருமானம் எது? தாய்லாந்து வருவாய்த் துறைக்கு ஒரு திறந்த மடல்

தாய்லாந்து வருவாய்த் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பாங்காக்கில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவன் நான். ஊரில் இருக்கும் வீட்டின் வாடகை, வங்கியில் போட்டுவைத்த எஃப்டி வட்டி, பழைய சேமிப்பு இவற்றை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. இந்த நாட்டின் சாலையில் நடக்கிறேன், இந்த நாட்டு மருத்துவமனைக்குப் போகிறேன். இங்கே வரி கட்டுவதில் எனக்குச் சங்கடம் ஏதும் இல்லை. எதற்கு, எவ்வளவு, எந்தக் காகிதத்தைக் காட்டிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். இங்குள்ள தமிழர் பலருக்கும் இதே கவலை இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதினேன்.

வருவாய்ச் சட்டத் தொகுப்பின் 41-ஆம் பிரிவு சொல்வது சுருக்கமானது. ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர், வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் வரி. ஆனால் நெடுங்காலமாக உங்கள் துறையே அதற்கு ஒரு பொருள் கொடுத்துவந்தது: சம்பாதித்த அதே ஆண்டில் கொண்டுவந்தால் மட்டும் வரி, ஜனவரி பிறந்துவிட்டால் அது சேமிப்பு. அதை நம்பித்தான் எல்லாரும் கணக்கைப் போட்டுக்கொண்டு வாழ்ந்தோம். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி வந்த 161/2566 எண் உத்தரவு (2566 என்பது 2023-க்கான தாய்லாந்து ஆண்டுக் கணக்கு) அந்தப் பொருளை மாற்றியது. 2024 ஜனவரி 1 முதல், எந்த ஆண்டு சம்பாதித்ததாக இருந்தாலும் உள்ளே வந்தால் வரி. சட்டத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை, நாடாளுமன்றத்தில் விவாதமும் நடக்கவில்லை. ஒரு துறை உத்தரவு, மூன்றரை மாத அவகாசம், அவ்வளவுதான்.

அப்புறம் நவம்பர் 20-ஆம் தேதி 162/2566 வந்தது. 2024-க்கு முன் ஈட்டிய வருமானத்துக்குப் புது விதி பொருந்தாது என்றீர்கள். அதற்கு மனமார நன்றி. அந்த உத்தரவு இல்லாமல் போயிருந்தால், வாழ்நாள் சேமிப்போடு இங்கே வந்தவர்கள் பாடு பெரும் திண்டாட்டமாகியிருக்கும். ஆனால் என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சாதாரண இந்திய வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 31 அன்று இருப்பு 18 லட்சம் ரூபாய். அது முழுக்கப் பழைய சேமிப்பு, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 2024 ஜனவரியிலிருந்து அதே கணக்கில் மாதம் 25,000 ரூபாய் வாடகை விழுகிறது. இரண்டு ஆண்டில் 6 லட்சம். வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மொத்தம் 24 லட்சம் இருக்கும்போது, கணக்கின் சொந்தக்காரர் 6 லட்சத்தைப் பாங்காக்குக்கு அனுப்புகிறார். வந்தது எந்தப் பணம்? பழையதுதான் முதலில் வெளியே போகும் என்றால் வரிக்கு உரிய தொகை சுழியம். புதியதுதான் முதலில் என்றால் ஆறு லட்சமும் வருமானம். விகிதப்படி என்றால் நாலில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை லட்சம். ஒரே பாஸ்புக், ஒரே பரிமாற்றம், மூன்று விடை. உங்கள் இரண்டு உத்தரவுகளையும் திருப்பித் திருப்பிப் படித்தாலும் இதற்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

கணக்கைத் தனியாகப் பிரித்து வைத்திருக்க வேண்டியதுதானே என்று ஆலோசகர்கள் சொல்கிறார்கள். சரி, நியாயமான யோசனைதான். ஆனால் பழையதற்கு விலக்கு உண்டு என்று நீங்கள் சொன்ன நாளுக்கும் விதி அமலான நாளுக்கும் நடுவில் இருந்தது ஆறே வாரம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவில் இன்னொரு என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊர் வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) திறப்பதும், வாடகையை அதற்கு மாற்றச் சொல்வதும், எஃப்டியை முதிர்வுக்கு முன் உடைப்பதும் எவ்வளவு அலைச்சல் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விதி தெரியாத காலத்தில் பிரிக்காமல் விட்டவரை இப்போது தண்டிக்க வேண்டாம்.

நிலம் விற்றுப் பணம் கொண்டுவருகிறவர்கள் நிலை இன்னும் சிக்கல். பூர்வீக நிலத்துக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருக்கும் தொகையை இன்று யாரும் மதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த சந்தை மதிப்பை அடிப்படை விலையாக எடுத்துக்கொள்ள இந்திய வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. அந்த மதிப்பை நீங்கள் ஏற்பீர்களா? விற்ற தொகையில் எது அசல், எது லாபம் என்று எந்த ஆவணத்தை வைத்து முடிவு செய்வீர்கள்? லாபம் முதலில் உள்ளே வந்ததாகக் கொள்வீர்களா, அசல்தான் முதலில் வந்ததாகக் கொள்வீர்களா?

இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. இந்தியாவும் தாய்லாந்தும் 2015-இல் அதைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டன. வாடகைக்கு இந்தியாவில் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் காலண்டர் ஒத்துப்போவதில்லை. உங்கள் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2024-க்கான ரிட்டர்னை நான் இங்கே 2025 மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2024-25 நிதியாண்டு முடிந்ததே அன்றைக்குத்தான். அங்கே ரிட்டர்ன் போட வழக்கமான கெடு ஜூலை 31. அதற்குப் பிறகுதான் வரித்துறை அதைச் சரிபார்த்து உறுதி செய்யும். நீங்கள் கேட்கும் நாளில் அந்தச் சான்று உலகத்திலேயே இருக்காது. டிடிஎஸ் சான்றிதழை, அதாவது பணம் தரும்போதே வரி பிடித்ததற்கான சான்றை, தற்காலிகமாக ஏற்று, இறுதிக் கணக்கு வந்ததும் அபராதம் இல்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தால் பாதித் தலைவலி தீரும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர் ஓய்வு வீசாவில் இங்கே தங்க, வங்கியில் எட்டு லட்சம் பாட் வைக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும் என்கிறது குடிவரவுத் துறை. மாதாமாதம் 65,000 ஓய்வூதியமாக வருகிறது என்று வையுங்கள், ஆண்டுக்கு 7,80,000. வயது அறுபது என்றால் செலவுக் கழிவு ஒரு லட்சம், சொந்தக் கழிவு 60,000 போக மிச்சம் 6,20,000. வரி 45,500 பாட். அறுபத்தைந்து தாண்டியவருக்கு இன்னொரு 1,90,000 விலக்கு கிடைப்பதால் அது 20,500 ஆகக் குறையும். தாங்க முடியாத தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் காட்டி நீண்டகால வீசா வாங்கும் வசதியான ஓய்வூதியருக்கு, 2022-இன் அரச ஆணைப்படி வெளிநாட்டு வருமானத்துக்கு வரியே இல்லை. அரசே கொண்டுவரச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையைக் கொண்டுவருபவர் வரி கட்டுகிறார், அவரைப் போல் பல மடங்கு உள்ளவர் கட்டுவதில்லை. முதலீட்டை ஈர்க்க அப்படிச் செய்தீர்கள் என்பது புரிகிறது. அந்தக் குறைந்தபட்சத் தொகைக்காவது ஒரு விலக்கு கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2025-இல், சம்பாதித்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ கொண்டுவந்தால் விலக்கு என்று ஒரு வரைவு தயாராவதாகப் பேச்சு வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அது பழைய வழக்கத்தை அப்படியே தலைகீழாக்குகிறது. அன்று காத்திருந்தவருக்கு விலக்கு, இந்த யோசனைப்படி காத்திருந்தவருக்கு வரி. விதி என்ன ஆகுமோ என்று பயந்து 2024 வருமானத்தை ஊரிலேயே விட்டுவைத்த எச்சரிக்கையான ஆட்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். எனவே எந்த விலக்கு கொடுத்தாலும் 2024, 2025 ஆண்டுகளின் வருமானத்துக்கென்று ஓர் இடைக்கால ஏற்பாடு அதில் இருக்க வேண்டும். அதை இன்னொரு உத்தரவால் மறுநாளே மாற்ற முடியாதபடி அரச ஆணையாகவே கொடுங்கள்.

நாடுகளுக்கிடையே வங்கிக் கணக்கு விவரங்களைப் பகிரும் ஏற்பாட்டில் தாய்லாந்து 2023-இலிருந்து இருக்கிறது. மறைக்க நினைப்பவரைப் பிடிக்க உங்களிடம் கருவி வந்துவிட்டது. ஒழுங்காகக் கணக்குக் காட்ட நினைப்பவருக்கும் ஒரு கருவி வேண்டும். கலந்த கணக்கில் எந்தப் பணம் முதலில் வெளியேறுகிறது என்பதற்கு ஒரு விதி, நில விற்பனைக்கு ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியல், வெளிநாட்டு நிதியாண்டு வேறுபடுவோருக்கு ஒரு நடைமுறை. இவற்றை எண்களோடு கூடிய உதாரணங்களாக, உங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும், அடுத்த ஜனவரியில் ரிட்டர்ன் வாங்கத் தொடங்குவதற்கு முன் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாங்காக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர்