எத்தனை மணி நேரம் என்று கேட்டவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது நிறைவடைகிறது. வலது பாதம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் வளைந்த நிலையில் பிறந்தவள் அவள். ஆறு மாவுக்கட்டுகள், குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டு, அதன் பிறகு பிரேஸ் எனப்படும், ஒரு கம்பியின் இரு முனைகளிலும் பொருத்திய ஷூக்களோடு கழிந்த ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகள் என்று நீண்ட சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் இப்போது இருக்கிறோம். நான்கு வயது நிறைந்ததும் பாதத்தைப் பரிசோதித்துவிட்டு, பிரேஸை நிறுத்துவது பற்றி முடிவு செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். முடிவு எதுவானாலும், அதற்கு முன்பே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் நினைத்தோம். எவர் பெயரையும் இதில் குறிப்பிடவில்லை. உரியவர்கள் தம்மை இதில் அடையாளம் காண்பார்கள் என்று நம்புகிறோம்.

முதல் நன்றி, பிரசவ அறையில் குழந்தையை என் கையில் கொடுத்தபோதே அந்தப் பாதத்தை மறைக்காமல் காட்டிய செவிலியருக்கு. "இதற்குப் பெயர் வளைபாதம். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இப்படி இருக்கும். நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை, செய்யாமல் விட்ட எதனாலும் வந்ததில்லை" என்று அவர் சொன்ன மூன்று வாக்கியங்கள், பின்னால் நாங்கள் கேட்க நேர்ந்த பல பேச்சுகளிலிருந்து எங்களைக் காப்பாற்றின. நீவிவிட்டால் தானாகச் சரியாகும், நடக்கத் தொடங்கும்வரை பொறுத்துப் பாருங்கள் என்று எங்களிடம் உறுதியாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால், பிறந்த சில வாரங்களில் மெழுகுபோல் இளகிக் கொடுக்கும் பாதத்தின் அந்த நல்ல காலத்தை நாங்கள் இழந்திருப்போம்.

பத்தாம் நாள் முதல் மாவுக்கட்டு போடப்பட்டது. மருத்துவர் பாதத்தை மெதுவாகத் திருப்பிப் பிடித்திருக்க, மாவுக்கட்டுப் போடுபவர் ஈரத்துணியை விரல் நுனியிலிருந்து தொடைவரை, முழங்காலை மடக்கிய நிலையில் சுற்றுவார். அந்த நேரம் முழுவதும் குழந்தை பால் குடித்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வாரமும் பழைய கட்டை அகற்றிவிட்டு, பாதத்தை இன்னும் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பிப் புதுக்கட்டு போடுவார்கள். விரல் நுனியை அழுத்தினால் வெளுத்து உடனே மீண்டும் சிவக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, கட்டு நழுவி விரல்கள் உள்ளே போய்விட்டால் ஏன் அன்றே வர வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த மாவுக்கட்டு ஊழியருக்கு எங்கள் நன்றி. ஆறாவது வாரம், இன்னும் மேலெழும்பாமல் இருந்த குதிகாலுக்காக நாணை வெட்டிவிட்டு, அது புதிதாக நீண்டு வளர்வதற்கென மூன்று வாரக் கட்டு ஒன்றைப் போட்டார்கள். அந்தக் கட்டையும் அகற்றிய நாளில் நேராகிப்போன பாதத்தைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் அழுதோம். "இதுவரை எங்கள் வேலை. இனிமேல்தான் உங்கள் வேலை" என்றார் மருத்துவர். அந்தச் சொல்லின் கனம் அன்று எங்களுக்குப் புரியவில்லை.

பிரேஸ் பாதத்தைத் திருத்துவதில்லை. திருத்திய பாதத்தை மீண்டும் வளையவிடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. குழந்தையின் பாதம் முதல் சில ஆண்டுகளில் வேகமாக வளர்கிறது. கணுக்காலின் பின்புறமும் உட்புறமும் இருக்கும் இறுகிய திசுக்கள், வளரும் போக்கிலேயே அதைப் பழைய நிலைக்கு இழுக்கப் பார்க்கின்றன. இதை எங்களுக்கு ஒரு பொம்மைக் காலை வைத்து விளக்கியவர் பிரேஸ் செய்து தருபவர். வளைந்த பாதம் 60 முதல் 70 பாகை வெளிநோக்கி இருக்க வேண்டும், நன்றாக இருக்கும் இடது பாதம் 30 முதல் 40 பாகை, கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம் என்று அளந்து பூட்டியதோடு அவர் நிற்கவில்லை. ஷூவின் உள்தளத்தில், குதிகால் சரியாக அமர்ந்திருக்கும்போது விரல்கள் எட்டும் இடத்தில், பேனாவால் ஒரு கோடு வரைந்து கொடுத்தார். விரல்கள் அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால் குதிகால் இறங்கவில்லை என்று பொருள். சிகிச்சை பெறும் காலை முதலில் போட வேண்டும், முழங்காலை மடக்கி, கட்டைவிரலால் ஷூவின் நாக்கை அழுத்திக்கொண்டு, நடு வாரை முதலில் இறுக்க வேண்டும். பதினைந்து முறை எங்களைப் போடவும் கழற்றவும் வைத்த பிறகுதான் அன்று அவர் எங்களை வீட்டுக்கு அனுப்பினார். பல இரவுகளில் அரைத்தூக்கத்தில் விளக்கைப் போடாமலே அந்த வாரை எங்கள் விரல்கள் கண்டுபிடித்தன என்றால், அதற்கு அந்தப் பதினைந்து முறைதான் காரணம்.

முதல் மூன்று மாதங்கள் ஒரு நாளில் 23 மணி நேரம். குளிப்பாட்டும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே கால்கள் சுதந்திரமாக இருந்தன. முதல் மூன்று இரவுகள் குழந்தை நிறுத்தாமல் அழுதாள். ஒரு காலைத் தனியாக உதைக்கப் பார்த்து, முடியாமல் திணறுவாள். மூன்றாம் இரவு, சிகிச்சைக்கு வந்த இடத்தில் அறிமுகமாகி எண் கொடுத்திருந்த ஒரு தாயை அழைத்தேன். அவருடைய மகனுக்கு அப்போது ஐந்து வயது. "முதலில் கழற்றிப் பாருங்கள். சிவப்பாக இருந்து அரை மணியில் மறைந்தால் கவலை இல்லை. கொப்புளம் இருந்தால் குதிகால் நழுவுகிறது, வாரை இறுக்க வேண்டுமே தவிரத் தளர்த்தக் கூடாது. ஒன்றும் இல்லை என்றால் அது வலி அழுகை இல்லை, கோப அழுகை. கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். இரண்டு காலும் ஒன்றாகத்தான் அசையும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் போதும்" என்றார். நான்காம் இரவில் அவள் இரு கால்களையும் சேர்த்து உயர்த்தித் தொட்டிலில் 'டொம்' என்று போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் இருவரும் எழுந்து உட்கார்ந்து சிரித்ததை இந்தத் தாய்க்கு இதுவரை சொல்லவில்லை. அம்மா, நீங்கள் அந்த இரவில் போனை எடுத்ததற்கு நன்றி.

என் மாமியாரைப் பற்றி இங்கே எழுத அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். நல்ல காலுக்கும் எதற்கு ஷூ என்று முதலில் கேட்டவர் அவர். பேத்தியின் அழுகையைத் தாங்க முடியாமல், நாங்கள் வீட்டில் இல்லாதபோது ஒரு முறை கழற்றியும் வைத்திருக்கிறார். எங்களோடு மருத்துவரைப் பார்க்க வந்தபோது, அந்தக் கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்டார். ஒரு கால் மட்டும் கட்டப்பட்டிருந்தால் முழங்காலைத் திருப்பிக் குழந்தை தப்பித்துக்கொள்ளும், கம்பியின் மறுமுனையில் இன்னொரு கால் இருந்தால்தான் பாதம் வெளிநோக்கி நிற்கும் என்ற விடையைக் கேட்ட நாளிலிருந்து, அந்த வீட்டில் எங்களைவிடக் கண்டிப்பானவர் அவர்தான். பழைய துணிக்குள் பஞ்சு வைத்துக் கம்பிக்கு உறை தைத்தார். எங்கள் முழங்கால்களும் சுவர்களும் அந்த உறையால்தான் தப்பின. அத்தை, உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

இனி எழுதுவது எங்களுக்கு எளிதான பகுதி இல்லை.

இரண்டு வயதில் குழந்தைக்கு வார்களை அவிழ்க்கத் தெரிந்துவிட்டது. அப்போது பிரேஸ் இரவுக்கும் பகல் தூக்கத்துக்கும் மட்டும்தான், மொத்தம் 12 முதல் 14 மணி நேரம். இடையில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் கழற்றி வைத்தோம். காய்ச்சல் போன பிறகு மீண்டும் போட்டபோது, 'வேணாம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்த குழந்தை நள்ளிரவில் எழுந்து நின்று அழுதாள். கழற்றினோம். மறுநாளும் கழற்றினோம். ஓடுகிறாள், குதிக்கிறாள், பாதம் பார்க்க அழகாக இருக்கிறது, இன்னும் எதற்கு இந்த வதை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். இப்படி இரண்டு மாதங்கள் கடந்தன. கண்ணால் பார்த்தால் சரியாக இருக்கும் பாதம்தான் பெற்றோரை ஏமாற்றும் என்பதை இப்போது அறிவோம். அன்று அறியவில்லை.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் பாதத்தை மேல்நோக்கி மடக்கினார். முன்போல் எளிதாக மடங்கவில்லை. நடக்கச் சொன்னார். குதிகால் தரையைத் தொடுவதற்குச் சற்று தாமதித்தது. அவர் எங்களைப் பார்த்து, "எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று கேட்டார். என் கணவர் வாய் திறக்கும் முன் நான் பன்னிரண்டு என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மணி நேரம். சில நாள் அதுவும் இல்லை" என்றார். மருத்துவர் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "சொன்னதற்கு நன்றி. பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால், பிரேஸ் போட்டும் பாதம் திரும்புகிறது என்று நினைத்து வேறு சிகிச்சையை யோசித்திருப்பேன்" என்றார்.

மருத்துவர் அவர்களே, நான்கு ஆண்டுகளில் நீங்கள் எங்களுக்குச் செய்த எல்லாவற்றிலும் பெரியது இதுதான் என்று நினைக்கிறோம். ஒரு பெற்றோர் பொய் சொல்வதற்கான அத்தனை காரணங்களும் அந்த அறையில் இருந்தன. குற்ற உணர்வு, வெட்கம், எதிரில் அமர்ந்திருப்பவர் மீதான மரியாதை, எல்லாமே இருந்தன. உண்மையைச் சொன்னால் சிறுமைப்படுத்தப்பட மாட்டோம் என்று நீங்கள் முதலில் உறுதி கொடுத்தீர்கள், அதன் பிறகுதான் கேட்டீர்கள். மீண்டும் மூன்று மாவுக்கட்டுகள், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரங்கள். பாதம் பழைய நிலைக்கு வந்தது. அதன் பிறகு இயன்முறை மருத்துவர் எங்களுக்கு ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, தினமும் மணி நேரத்தை எழுதச் சொன்னார். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே எழுதுங்கள், அழகுக்காக எழுதாதீர்கள் என்றார். அந்த நோட்டு இப்போது நான்காவது.

பகல் தூக்கம் காப்பகத்தில் என்பதால், அங்கே பார்த்துக்கொள்ளும் சகோதரியின் உதவி இல்லாமல் அந்தக் கணக்கு நிறைந்திருக்காது. அவர் ஒரு மாலை முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்து பிரேஸ் போடப் பழகினார். மற்றக் குழந்தைகள் இது என்ன என்று கேட்டபோது, "தூங்குற ஷூ" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இன்று வரை எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். இரவில் அழுகை கேட்டும் ஒரு நாளும் முகம் சுளிக்காத பக்கத்து வீட்டாருக்கும், தன் கால்களையும் துண்டால் கட்டிக்கொண்டு தங்கையோடு தத்தித் தத்திக் குதித்த எங்கள் மூத்த மகனுக்கும் நன்றி.

நேரில் அறியாத சிலருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் 1914 ஜூன் 3 அன்று பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்தச் சிகிச்சை முறையை உருவாக்கிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி, பெரிய அறுவை சிகிச்சையே வழி என்று பலரும் நம்பிய காலத்தில், கைகளாலும் மாவுக்கட்டாலும் பாதத்தைத் திருத்த முடியும் என்று காட்டினார். 1963இல் தம் முடிவுகளை வெளியிட்டும் பல ஆண்டுகள் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1990களின் பிற்பகுதியில், தம் குழந்தைகளின் பாதங்கள் கத்தியின்றி நேரானதைக் கண்ட பெற்றோர் இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பியதும், அந்த முறை உலகெங்கும் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு காரணம். மூன்றாம் இரவில் என் அழைப்பை எடுத்த தாயைப் போன்றவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

மகளின் வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் சிறியது, கெண்டைக்காலும் சற்று மெலிந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரவு உணவு முடிந்ததும் தானே காலுறையை எடுத்துவந்து, முதலில் வலது காலை நீட்டுகிறாள். நேற்றைய பக்கத்தில் என் கணவர் எழுதியிருப்பது: இரவு 11 மணி நேரம், பகல் ஒன்றரை, சிவப்பு இல்லை, விரல் கோட்டில்.

நன்றியுடன்,
தூங்குற ஷூ போடும் குழந்தையின் பெற்றோர்