ஆறு நூல்களையும் படித்துவிட்டுப் பேசுவோம்: காவிரிப் படுகையின் வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தோழர்களுக்கு,

வணக்கம். தலைஞாயிற்றை அடுத்த ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து இதை எழுதுகிறேன். சென்ற மாதம் நம் வட்டங்களுள் ஒன்று அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டபோது நானும் வந்திருந்தேன். பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் 1965-இல் வெளிவந்த முதல் நூலை மட்டும் படித்துவிட்டு, வஞ்சிக்கப்பட்ட இளவரசன் பாலைவன மக்களைத் திரட்டி வென்ற கதை இது என்று தீர்ப்பளித்துக் கூட்டம் கலைந்துவிட்டது. இந்த வரிசையை 20 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துவரும் எனக்கு அந்தத் தீர்ப்பு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஹெர்பர்ட் எழுதியவை ஆறு நாவல்கள். கடைசி நூல் 1985-இல் வந்தது. இரண்டாம் நூலான ‘டியூன் மெசையா’விலேயே அந்த இளவரசன் பால், தன் பெயரால் நடந்த போரில் 6,100 கோடிப் பேர் மாண்டதைத் தன் வாயாலேயே கணக்கிட்டுச் சொல்கிறான். மீட்பன் என்று நம்பி ஒருவனிடம் ஒரு மக்கள் கூட்டம் தன்னை முழுவதும் ஒப்படைத்துவிடுவதன் ஆபத்தைக் காட்டவே இவ்வரிசையை எழுதியதாக ஹெர்பர்ட் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். முதல் நூலோடு நிறுத்திக்கொள்ளும் திறனாய்வு, அவர் எச்சரித்த அதே மயக்கத்தில் வாசகரை விட்டுவிடுகிறது.

நம் படுகையின் வாசகர்களிடம் இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் தண்ணீர். ஆரகிஸ் என்னும் அந்தப் பாலைவனக் கோளில் வாழும் ஃப்ரெமன்கள், உடலின் ஈரத்தை மீட்டுத் தரும் உடையை அணிகிறார்கள். இறந்தவரின் உடல்நீர் குலத்துக்கே சேர்கிறது. ஒருவர் முன் உமிழ்வது அவர்களிடம் மரியாதை, ஏனெனில் அது தன் நீரைக் கொடையாகத் தருவது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா, திறந்தாலும் நாற்றங்கால் கருகுமுன் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேருமா என்று காத்திருந்தே பழகிய எனக்கு, பல தலைமுறை உழைத்துத் தங்கள் கோளைப் பசுமையாக்க வேண்டும் என்ற அவர்களுடைய கனவு என் வீட்டுக் கனவாகவே தோன்றியது. ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கதை ஆரிகன் மாநிலத்தில் மணற்குன்றுகளைப் புல் நட்டு நிறுத்திய முயற்சியிலிருந்து பிறந்தது. வேதாரண்யம் கரையில் இராவணன் மீசைப் புல் மணலைப் பிடித்து நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமான செய்தியன்று.

ஆனால் அந்தக் கனவு பலித்த பிறகு நடப்பதை நான்காம் நூல்தான் சொல்கிறது. அந்தக் கோளின் அரும்பொருளான ‘ஸ்பைஸ்’ உருவாகக் காரணமான மாபெரும் மணற்புழுக்களுக்கு நீர் நஞ்சு. பசுமை பரவப் பரவப் புழுக்கள் அழிகின்றன. 3,500 ஆண்டுகள் கழிந்து அங்கே ஆறும் காடும் இருக்கின்றன; ஃப்ரெமன்களோ முன்னோர் சடங்குகளைப் பொருள் தெரியாமல் நடித்துக் காட்டும் அருங்காட்சியக மனிதர்களாகிவிட்டார்கள். ஆறாம் நூலில் இது தலைகீழாகிறது: பழத்தோட்டங்கள் நிறைந்த ஒரு கோளை, புழுக்களை வளர்ப்பதற்காக வேண்டுமென்றே பாலையாக்குகிறார்கள். 2018-இல் கஜா புயல் சாய்த்த மாந்தோப்புக்குள் நின்றவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கும் விதமே வேறு. அப்படிப்பட்ட ஒரு திறனாய்வு இந்த மண்ணிலிருந்துதான் வர முடியும்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். நான்காம் நூலில் நிகழ்ச்சியைவிடப் பேச்சே மிகுதி. ஐந்தாம் நூலின் முற்பாதி மெல்ல நகர்கிறது. 1986-இல் ஹெர்பர்ட் மறைந்ததால் கதை முடிவுறாமலே நிற்கிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான்: ஜூன் 12 முதல், வழக்கமாக அணை மூடப்படும் ஜனவரி 28 வரை, கூட்டத்துக்கு ஒரு நூலாக ஆறையும் வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். நூலகங்களில் ஆறு நூல்களும் இருக்குமாறு கேட்டுப் பெறுங்கள். எனக்கு எட்டிய நூலகத்தில் நெடுங்காலம் முதல் நூலும் மூன்றாம் நூலும் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழி நமக்குத் தொலைவில் இல்லை. என்னிடமுள்ள ஆறு படிகளையும் கேட்கும் வட்டத்துக்கு இரவலாகத் தருகிறேன். நான்காம் நூலுக்கான கூட்டத்தில் கட்டுரை வாசிக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
கடைமடை வாசகன் ஒருவன்