நிழல் தாங்கல் திருப்பணி நிறைவு அறிக்கை

அய்யா துணை.

அய்யா வைகுண்டரை வழிபடும் நம் நிழல் தாங்கலின் அன்புக்கொடி மக்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம். கருவறையான பள்ளியறையின் மேல்தளத்தில் ஒழுக்கு அடைத்துத் தட்டோடு பதித்தாயிற்று. கிணறு தூர்வாரியாயிற்று. அன்னதானக் கூடத்துக் கூரையும் மாற்றியாயிற்று.

முகப்புச் சுவரில் பாதி எழும்பிய சுதைச் சிற்பத்தை ஏன் இடித்தீர்கள், ஒரே சுவருக்கு ஏன் இரண்டு கூலி என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். ஒப்பந்தத்தில் எழுதியது தாமரையும் அதன்மேல் சுடர்வடிவத் திருநாமமும் மட்டுமே. சிலர் வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டு, அய்யா வாளேந்திக் குதிரைமேல் போக, அரிவாளும் மண்வெட்டியுமாகக் குடியானவர் படை திருவிதாங்கூர் ராஜாமேல் பாய்வதுபோல் குத்தகைதாரர் சுதை எழுப்பிவிட்டார்.

அந்த ஆசை எங்களுக்கும் புரிகிறது. தலைவரியும் பனைவரியும் கொடுத்துக் கூலியில்லா ஊழியமும் செய்த சனத்தின் பேரப்பிள்ளைகள்தானே நாம். ஆனால் அப்படியொரு படை புறப்படவில்லை. ராஜாவின் சேவுகர் வந்தபோது கொதித்த மக்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அய்யா தாமே போனார். திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைபட்டு, 1839இல் வெளிவந்தார். தலைப்பாகை கட்டிக் கும்பிட வைத்ததும், பல சாதியாரை ஒரே கிணற்றில் குளிக்க வைத்ததும் அவர் செய்த கலகம். குதிரை, கலியை அழிப்பதாகத் திருவிழாவில் நடத்தும் கலிவேட்டையின் வாகனத்துக்கு உரியது. அதோடு, பள்ளியறையில் கண்ணாடி வைத்து வணங்கும் நாம் வாசலில் அய்யாவுக்கு உருவம் வைப்பது எப்படித் தகும்?

வேலையும் சரியில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் இரும்புக் கம்பி அடித்து, உப்புத் தண்ணீரில் சிமெண்ட் குழைத்துப் பூசியிருந்தார். கடற்காற்றில் கம்பி துருவேறிப் பருத்தால் சுதை பிளக்கும். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளும். அதைக் கொத்தியபோது அடிப்பூச்சும் செங்கல்வரை உரிந்து வந்தது. கூடுதல் செலவு முழுவதும் இதில்தான்.

மறுபடி நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, தொட்டியில் ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நல்ல தண்ணீரில் அரைத்துப் பூசினோம். காற்றில் சட்டென்று காய்ந்தால் மயிர்க்கோடு விழும் என்று ஈரச்சாக்கு போர்த்தினோம்.

கருப்பட்டி உடன்குடி அன்பர் உபயம். கடுக்காய் தென்காசி நாட்டுமருந்துக் கடைக்காரர். சுண்ணாம்பு கீழத்தெரு மூன்று வீட்டார். மணல், வண்டி வாடகை மும்பை வாழ் ஊரார். கொத்தனார் சாப்பாடு மேலத்தெருப் பெண்கள். தட்டோடு சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகள்.

குத்தகைதாரருக்குக் கடைசித் தவணையை நிறுத்தியிருக்கிறோம். கொத்திய கூலியைக் கழித்துத்தான் கொடுப்போம். மாசி 20 அவதாரத் திருநாளுக்கு முகப்பில் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டுமே அடிக்க வேண்டும். பெயிண்ட் உபயம் வேண்டாம்.