ஞாயிறு கதை நேரம்: வேறு மாதிரி இளவரசிகள்

பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு யூகேஜி குழந்தை, "இளவரசி ஏன் தூங்கிக்கிட்டே இருக்கா? அவளே எழுந்துக்கக் கூடாதா?" என்று கேட்டது. அது மனதிலேயே நிற்கிறது. அதனால்:

1. வரும் ஞாயிறு மாலை 4.30, அஸ்தம்பட்டியில் நம் குடியிருப்பு மொட்டை மாடி. மழை வந்தால் கீழே பார்க்கிங்கில்.

2. படிக்கப்போவது ராபர்ட் மன்ஷின் 'தி பேப்பர் பேக் பிரின்சஸ்' (1980). டிராகன் உடைகளை எரித்துவிட, காகிதப் பையை மாட்டிக்கொண்டு போய் இளவரசனை மீட்கிறாள் எலிசபெத். அவள் கோலத்தைக் குறை சொல்கிற அவனைக் கல்யாணம் செய்துகொள்வதில்லை! தமிழில் சொல்லிக்காட்டுவேன்.

3. பையன்களையும் கட்டாயம் அனுப்புங்கள். அவர்களும் கேட்க வேண்டிய கதை.

4. ஆளுக்கொரு பழைய காகிதப் பை. அப்புறம், இதுபோன்ற படப்புத்தகம் வீட்டில் இருந்தால் அதுவும்.

குழந்தையின் பெயர், வயதை வெள்ளிக்குள் இங்கே பதிலாகப் போடுங்கள்.