பச்சைப் பென்சில்

தண்டையார்பேட்டை,
6.9.2020

அன்புள்ள ரங்கா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. தபால் ஓடவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். உன் கடிதங்கள்தான் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டனவே, என்ன செய்ய? இங்கே சௌக்கியம். செவ்வாய்க்கிழமையிலிருந்து டவுன் பஸ் ஓடுகிறது. உன் சர்க்கரை எப்படி? லட்டு விஷயத்தை மாலதி போனில் சொல்லிவிட்டாள், மறைக்காதே.

ஏப்ரலிலிருந்து நான் கொரோனாக் கணக்குக்குக் கிராஃப் போடுகிறேன். சிரிக்காதே, மேன்ஷனில் மூன்றாம் மாடித் தண்ணீர்க் கணக்கு எழுதியவனும் நான்தான். காலையில் மாநகராட்சி மண்டலவாரியாகக் கணக்கு விடும், சாயங்காலம் சுகாதாரத் துறை அறிக்கை வரும். பதினைந்து மண்டலத்துக்குப் பதினைந்து நிறம். பேத்தியின் கலர் பென்சில் டப்பா என் வசம். ராயபுரம் சிவப்பு, எங்கள் தண்டையார்பேட்டை பச்சை. முதலில் எல்லாக் கோடும் தரையோடு ஊர்ந்தது. அப்புறம் கோயம்பேடு. மே 5-ஆம் தேதி சந்தையை மூடித் திருமழிசைக்கு அனுப்பினார்கள். அதற்குள் லாரி ஏறி உங்கள் அரியலூர்வரை வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சரக்கில் எப்போதும் எடை குறைவு என்பாயே, இதிலாவது குறையில்லையே? ஜூன் 30 அன்று ஒரே நாளில் சென்னையில் மட்டும் 2,393 பேருக்கு. தாளின் மேல் விளிம்பு போதாமல் இன்னொரு தாளை ஒட்டினேன்.

ஜூலை 22 அன்று விட்டுப்போன 444 சாவுகளை ஒரே நாளில் சேர்த்தார்கள். மார்ச் முதல் ஜூன் 10 வரை போனவர்கள். செத்தவனைக்கூடவா எண்ணத் தெரியாது என்று கத்தினேன். நாயர் போனது ஜூன் முதல் வாரம். அந்த 444-இல் அவரும் ஒருவர் என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கோடு போடவில்லை. நீ அவருக்கு நாற்பது ரூபாய் பாக்கி.

இனி வருவதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஜூன் நடுவில் ஒரு நாள் காபி வெந்நீர் மாதிரி இருந்தது. சிக்கரி ஜாஸ்தி என்று கமலாவிடம் எகிறினேன். அவள் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. அவளும் முகர்ந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ராத்திரி எனக்கு நூறு டிகிரி.

மறுநாள் காலை, 16-ஆம் தேதி, மாநகராட்சிப் பெண் வந்தாள். வீடு வீடாகக் காய்ச்சல் கேட்க ஆயிரக்கணக்கில் ஆள் போட்டிருந்தார்கள், எங்கள் தெருவுக்கு இவள். பி.காம். முடித்த பெண். தொப்பி, மாஸ்க், கையில் நெற்றிக்கு நீட்டும் துப்பாக்கி, கக்கத்தில் நோட்டு. "காய்ச்சல், சளி, இருமல் ஏதாவது இருக்கா சார்?" நான் மாத்திரை போட்டிருந்தேன், துப்பாக்கி 97 காட்டியது. தொற்று வந்த வீடென்று எதிர்வீட்டு வாசலை மறித்து அடித்த தகரம் கண்ணில் பட்டது. பால்காரன்கூட அந்தப் பக்கம் மிதிப்பதில்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு, "ஜாக்கிரதையா இருங்க சார்" என்றபடி படியிறங்கிப் போனாள். அதற்கப்புறம் இரண்டு வாரம் நாங்கள் வாசல்படி தாண்டவில்லை, அது நிஜம்.

இப்போது ரத்தப் பரிசோதனைக் கணக்கு வந்திருக்கிறது. ஜூலையில் 12,405 பேருக்கு எடுத்துப் பார்த்ததில் 21.5 சதவீதம் பேருக்கு வந்துபோயிருக்கிறது. எங்கள் மண்டலத்தில் 44.2. ஊருக்கு எண்பது லட்சம் பேர் என்று வைத்துப் பெருக்கு, பதினேழு லட்சம். அப்போது பதிவானது சுமார் ஒரு லட்சம். பதினேழில் ஒன்று! மீதி ஆட்களில் பலருக்கு வந்ததே தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். காப்பியடித்த பையன்களை முப்பத்திரண்டு வருஷம் முட்டி போட வைத்த கணக்கு வாத்தியாருக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பெண் ஜூலையில் இரண்டு வாரம் வரவில்லை. வேறு ஒருத்தி வந்தாள், அவளிடம் விசாரிக்கத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்த அன்று, "எங்கேம்மா ஆளையே காணோம்?" என்றேன். "பாசிட்டிவ் சார், எங்க ஒட்டிச்சோ" என்று சிரித்தாள். தெருவில் நூறு வீடு. ஒரு மாசம் இடைவெளி. என்னால் இருக்காது என்று கமலா கணக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று அந்தப் பெண் அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஜூன் 16-க்கு மேலே இரண்டு புள்ளி சேர்த்திருக்கிறேன். பச்சை தீர்ந்துவிட்டது, ஊதாவில்தான்.

ஊர் விட்டு ஊர் போக ஈ-பாஸ் வாங்கும் தொல்லை ஒழிந்தது. தீபாவளி கழித்து வா. நாயர் வீட்டம்மா கொடுங்கையூரில் மகளோடு இருக்கிறார், நாற்பது ரூபாயோடு போய்ப் பார்ப்போம். அதற்கு முன்னால் உன் சர்க்கரை அளவை எழுது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்தது.

அன்புடன்,
வைத்தி