சப்பாத்து வாங்கித் தந்த அண்ணைக்கு

இலங்கையின் வடக்கே விசுவமடுப் பக்கம் இருக்கிற எங்கள் சிறுவர் இல்லத்துக்குப் போன மாதம் ஒரு அண்ணை வந்தார். பேர் கேட்டோம், சொல்லவில்லை. பிள்ளைகளை வரிசையில் விட்டுப் படம் எடுக்கவும் இல்லை (அதுவே பெரிய உதவி). கொப்பித் தாளில் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு கீறினார். கடைக்குட்டி கூச்சத்தில் விரலை மடக்க, திரும்பவும் கீறினார். அடுத்த கிழமை பரந்தனில் இருந்து ஓட்டோவில் வெள்ளைச் சப்பாத்துகள் வந்து இறங்கின. எல்லாம் சரியான அளவு.

2009இல் போரில் தாய் தகப்பனை இழந்து வந்தவர்கள் வளர்ந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களில் பலருக்கு அம்மா இருக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். மாதம் ஒருக்கா வந்து பிள்ளையைப் பார்க்கட்டும் என்று அவர்களுக்கும் அண்ணை பஸ் காசு தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, பேர் வேண்டாம். நன்றி அண்ணை. கடைக்குட்டி சப்பாத்தோடுதான் படுக்கிறான்.