திங்கட்கிழமைப் பசி

அன்புள்ள மதினிக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோடை மழை வந்துவிடுமோ என்ற பயத்தில் வத்தலைக் காயவைத்து அள்ளுவதிலேயே பொழுது போய்விட்டது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேரன் நாலாம் வகுப்புப் படிக்கிறான், நாம் சமைத்துப் போட்ட அதே பள்ளிக்கூடத்தில்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்களுக்குச் சமைக்கும் மெஸ்ஸில் சேர்ந்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இந்த வயதில் மறுபடியும் அடுப்படியா? ஆனால் அடுத்த பக்கத்தில் அந்த ஒடிசாப் பையன் வந்தானே, அங்கே என் கோபம் போய்விட்டது. ராத்திரி மிஞ்சிய சோற்றில் உங்களுக்கென்று தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பக்காளா, பக்காளா" என்று கையைத் தட்டினானாமே. நம் பழைய சோற்றுக்கு அவ்வளவு தூரத்தில் இன்னொரு பெயர் இருப்பது எனக்கு இத்தனை வயசுக்கும் தெரியாது. கடுகெண்ணெய் வாசம் குமட்டுகிறது என்கிறீர்கள். பழகிவிடும் மதினி. ஊரைவிட்டு வந்து மெஷினோடு கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்த வாசம்தானே வீடு.

"வீட்டில் எனக்கென்று ஆக்கினால் ருசியே தெரிவதில்லை, உனக்கும் அப்படித்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். மூன்று பேருக்கு உப்புப் போடத் தெரியவில்லை. கை தானாக அள்ளிவிடுகிறது. 80 பிள்ளைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். பிள்ளைக்கு 100 கிராம் வீதம் 8 கிலோ அரிசி, அதற்கு எத்தனை கை உப்பு என்பதை என்னைக் கேட்க வேண்டாம், கையே சொல்லும். எச்சில் படக்கூடாது என்று நாக்கில் வைத்துப் பார்த்ததும் இல்லை. சாம்பார் கொதிக்கும்போது ஆவியில் முகத்தைக் காட்டினால் போதும், உப்புக் குறைவா கூடவா என்று தெரிந்துவிடும். காலையில் பழையதும் வெங்காயமும் குடித்துவிட்டுப் போனால், பிள்ளைகளுக்குப் போட்டு முடித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மூன்றரை மணி. அதற்குள் சாம்பார் வாசத்திலேயே வயிறு நிறைந்திருக்கும். ஒரு துவையல், ஒரு கை சோறு. இன்றைக்கும் எனக்குப் பிடித்த சாப்பாடு அதுதான்.

நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? 1982 ஜூலை. புருஷனை இழந்தவர்களுக்கும் ஆதரவு இல்லாதவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எனக்கு 20 வயசு, இடுப்பில் பிள்ளை. எம்.ஜி.ஆர். சத்துணவு என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் நம் பக்கத்துக்கு மதிய உணவு புதுசு இல்லை. 1956-லேயே காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தது அது. நானே பள்ளிக்கூடத்தில் மஞ்சள் மக்காச்சோள உப்புமாவுக்கும் பால்பவுடர் பாலுக்கும் தட்டோடு நின்றவள்தான். அந்த உப்புமாவை நினைத்தால் இப்போதும் எச்சில் ஊறுகிறது. பசியில் தின்றது, அதனால்தானோ என்னவோ.

முதல் வருடம் நான் பொங்கிய சோற்றைத் தொடக்கூடாது என்று சில வீடுகளில் பிள்ளைகளைத் தடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தட்டு எடுத்து வராமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சாம்பார் வாசம் அங்கேயும் போகும். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்புப் பக்கமே திரும்பிக்கொள்வேன். அடுத்த வருடம் மழை பொய்த்தது. ஒரு நாள் ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, "இவனுக்கும் ஒரு கரண்டி போடு தாயி" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை, போட்டேன். அதன்பிறகு ஒவ்வொருவராக மரத்தடியை விட்டு வந்தார்கள். இதை உங்களிடம்கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

பிள்ளைகளின் நாக்கு நமக்குத் தெரிந்த மாதிரி பெற்றவர்களுக்கே தெரியாது. முருங்கைக்காய் போட்ட சாம்பார் என்றால் வரிசை நகராது, ஆளுக்கு ஒரு துண்டு கேட்டு நிற்கும். வாரத்துக்கு ஒரு முட்டை, பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி 2010-ல் ஐந்து ஆனபோது, முட்டை உரித்தே நம் விரல்நுனி வெந்துபோனது. மஞ்சள் கருவைக் கடைசிக்கென்று ஒதுக்கிவைக்கிற பிள்ளையும் உண்டு, முதலில் அதைத் தோண்டித் தின்கிற பிள்ளையும் உண்டு. கலவைச் சாதங்கள் வந்தபோது கறிவேப்பிலைச் சாதத்தைப் பார்த்து, "பச்சையா இருக்கு" என்று தட்டைத் தள்ளினார்கள். இரண்டே மாதம். பிறகு அதன் காந்தலுக்குச் சண்டை. நான் சட்டுவத்தால் அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்டு முடித்த பிள்ளைகளும் ஓடிவரும்.

திங்கட்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. மற்ற நாள் இரண்டு கரண்டியோடு எழுந்துபோகிற பிள்ளை அன்றைக்கு மூன்றாவது கரண்டிக்கு நிற்கும். ஒரு சின்னப் பெண் மணி அடிப்பதற்கு முன்னாலேயே சமையல்கூடத்து வாசலில் வந்து, ஒன்றும் கேட்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சனி ஞாயிறு வீட்டில் என்ன பாடு என்று நாம் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சில பிள்ளைகளுக்குக் காற்சட்டை இடுப்பில் நிற்காது. யாரும் எழுதிவைக்காத கணக்கு அது. கரண்டி பிடித்த நமக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் ஒரு நாள் சாம்பார் வைத்தேன். அதுதான் என் கடைசி உலை என்று தெரியாது. பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் கையில் கொடுத்தார்கள். அந்த வருடமே எனக்கு வேலை முடிந்துவிட்டது. 38 வருடம் சமைத்தவள், கடைசியாக ஒரு நாள் பிள்ளைகளுக்கு நல்லதாக ஒரு பாயசம் வைத்துக் கொடுக்க முடியவில்லையே என்பது மட்டும் இன்னும் மனசில் கிடக்கிறது.

இப்போது 2023-லிருந்து நம் பள்ளியிலும் காலைச் சாப்பாடு. மகளிர் குழுப் பெண்கள் வந்து பொங்கலும் கிச்சடியும் செய்கிறார்கள். நாம் சீமைக்கருவேல விறகை ஊதி ஊதி இருமினோம். இவர்களுக்குக் கேஸ் அடுப்பு. நன்றாக இருக்கட்டும். பேரனைக் கொண்டுபோய் விடும் சாக்கில் நானும் எட்டிப்பார்ப்பேன். போன வாரம் அதில் சின்னவள் ஒருத்தி, "உப்பு எப்படி ஆச்சி பாக்கணும்?" என்று கேட்டாள். ஆவியில் முகத்தைக் காட்டச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு ரவை வாசம்தான் தெரியுது" என்றாள். ஒரு வருடம் போகட்டும் என்றேன்.

கிளம்பும்போது மனசு கேட்காமல், "திங்கட்கிழமை எப்படிம்மா?" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஆச்சி? அன்னைக்கு மட்டும் சட்டியில ஒரு பருக்கை மிஞ்சாது."

வத்தல் இரண்டு கிலோ, மடித்த சேலையில் சுற்றி, கோயில்பட்டிக் கடலைமிட்டாயோடு சேர்த்துப் பார்சல் போட்டிருக்கிறேன். கடலைமிட்டாய் உங்கள் பேத்திக்கு. வத்தலில் நாலைத் தனியாக எடுத்துவைத்து, நல்லெண்ணெயில் பொரித்து, அந்தப் பையனுக்குப் பக்காளாவோடு வைத்துக் கொடுங்கள். அவன் ஊரில் அதற்கு என்ன தொட்டுக்கொள்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு
மதினி